ஆளுக்கொரு தாள், ஊருக்கொரு பக்கம்

தன்பாத் நிலையத்திலிருந்து ஆலப்புழைக்குப் புறப்படும் விரைவு வண்டியை அறியாத தமிழ்க் குடும்பம் நம் காலனியில் உண்டோ? பள்ளி விடுமுறையில் ஊர் காணவும், தங்கை திருமணத்திற்கு ஓடவும், பெற்றோரின் கடைசி முகம் பார்க்கவும் நம்மைச் சுமந்து செல்லும் வண்டி அது. முன்பெல்லாம் அவ்வண்டி புறப்படுவதற்கு முன் ஒவ்வொரு பெட்டியின் வாயிலருகிலும் முன்பதிவுப் பட்டியல் ஒட்டியிருப்பார்கள். 'சார்ட்' என்று நாம் வழங்குவது அதனையே. அதில் நம் பெயரை மட்டுமா தேடினோம்? நம் பெயரைக் கண்டு ஆறுதல் கொண்டபின் விரல் தானாகக் கீழே இறங்கும். வேறொரு தமிழ்ப் பெயர் தென்படாதா என்று கண் துழாவும். தென்பட்டுவிட்டால் போதும், இரண்டு நாள் பயணத்திற்கு ஓர் உறவு கிடைத்துவிட்டது. புளிச்சோறும் தயிர்ச்சோறும் இடம் மாறும். சேலமா, ஈரோடா என்று விசாரிக்கையில் எங்கேனும் ஒரு சொந்தம் புறப்படும்.

2018-ஆம் ஆண்டு மார்ச் 1-ஆம் நாள் முதல் பெரிய நிலையங்களில் பெட்டிகளின் மேல் பட்டியல் ஒட்டுவது சோதனை முறையில் நிறுத்தப்பட்டது. தாள் மிச்சமாயிற்று, பசை மிச்சமாயிற்று. இன்று அவரவர் பெட்டி எண்ணும் இருக்கை எண்ணும் அவரவர் கைப்பேசிக்கே வந்து சேருகின்றன. முண்டியடித்துக்கொண்டு நிற்க வேண்டியதில்லை. மூக்குக்கண்ணாடியைத் தேட வேண்டியதில்லை. நமக்கு வேண்டியது தவறாமல் வருகிறது. ஆயினும் நாம் கேளாமலே பெற்று வந்த ஒன்று போயிற்று.

இம்மாற்றம் புகைவண்டிக்கு மட்டும் நேர்ந்ததன்று. செய்தி, பாட்டு, படம், பேச்சு ஆகிய அனைத்தும் இன்று ஒவ்வொருவர்க்கும் தனித்தனியே, அவர் கேட்கும் கணத்தில், அவருக்கென்றே தொடுத்து அளிக்கப்படுகின்றன. ஒரே வீட்டில் தந்தை காணும் திரை வேறு, தாய் காணும் திரை வேறு, பிள்ளை காணும் திரை வேறு. இந்நிலை எவ்வாறு வந்தது? இதனால் நாம் பெற்றது யாது, இழந்தது யாது? இவற்றை நம் சங்கத்தாரோடு சேர்ந்து எண்ணிப் பார்க்க விரும்புகிறோம். நாம் அலுவலகத்தில் கோப்புகளோடு காலம் கழிக்கும் எழுத்தர். பள்ளியிறுதித் தேர்வோடு படிப்பை முடித்துக்கொண்டோம். ஆதலின் அறிஞர்க்குரிய ஆராய்ச்சியை இங்கு எதிர்பார்க்க வேண்டா. படித்தறிந்ததையும் பட்டறிந்ததையும் கோத்துத் தருகிறோம்.

கத்தரிக்கோலால் பிறந்த தனித்தாள்

அச்சுப்பொறி மனித குலத்திற்கு அளித்த பெருங்கொடை ஒருமை எனலாம். ஒருமுறை எழுத்துக் கோத்தால் ஆயிரம் படிகள், ஆயிரமும் ஒன்றுபோல். காலையில் நாளிதழ் வாங்குபவர் அரசியல் பிரியராயினும் ஆட்டப் பிரியராயினும், அவர் கையில் இருப்பதும் அடுத்த வீட்டார் கையில் இருப்பதும் ஒன்றே. வேண்டியதைப் படிப்பார், வேண்டாததைத் தள்ளுவார். எனினும் தள்ளுமுன் தலைப்பையேனும் பார்த்திருப்பார்.

இதில் நிறைவு பெறாதவர்களும் இருந்தனர். 1879-ஆம் ஆண்டில் பாரிஸ் மாநகரில் 'ஆர்கஸ் த லா பிரெஸ்' என்னும் நிறுவனம் தோன்றிற்று. ஆர்கஸ் என்பவன் கிரேக்கப் பழங்கதையில் உடலெங்கும் கண்களுடைய காவலன். நம் இந்திரனுக்கு ஒன்றுவிட்ட தம்பி என்று வைத்துக்கொள்ளலாம். தம்மைப்பற்றி எந்த இதழ் என்ன எழுதிற்று என்றறியத் துடித்த நடிகர்களும் கலைஞர்களும் அந்நிறுவனத்திற்குப் பணம் கட்டினர். பணியாளர்கள் இதழ்களையெல்லாம் படித்து, வாடிக்கையாளரைப்பற்றிய பகுதிகளைக் கத்தரித்து, தாளில் ஒட்டி அனுப்பினர். ஊருக்கெல்லாம் அச்சான செய்தியிலிருந்து ஒருவர்க்கென்று மட்டும் தொகுத்த தாள் இவ்வாறு கத்தரிக்கோலால் பிறந்தது. ஆனால் அதற்குக் கூலியாள் வேண்டும். கூலிக்குப் பணம் வேண்டும். ஆகவே அது செல்வர்க்கும் புகழுடையார்க்கும் உரியதாயிருந்தது.

அடுத்த படி கனவாகவே தோன்றியது. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க அரசின் அறிவியல் ஆராய்ச்சிப் பணிகளைத் தலைமையேற்று நடத்திய வானிவர் புஷ் என்னும் பேரறிஞர், 1945 ஜூலைத் திங்கள் 'அட்லாண்டிக்' இதழில் ஒரு கட்டுரை வரைந்தார். மேசை போன்ற ஒரு கருவி. அதனுள்ளே நுண்படச் சுருளில் நூல்களும் இதழ்களும் மடல்களும் அடங்கியிருக்கும். உரியவர் தமக்கு வேண்டியதைக் கேட்டவுடன் திரையில் காணலாம். ஒன்றோடொன்றைத் தம் விருப்பப்படி முடிந்து தமக்கென ஒரு வழியை அமைத்துக்கொள்ளலாம். 'மெமெக்ஸ்' என்று அவர் பெயரிட்ட அக்கருவி செய்யப்படவேயில்லை. எனினும் விதை விழுந்துவிட்டது.

அஞ்சலட்டையும் பாட்டும்

மேல்நாட்டார் மேசையைக் கனவு கண்டுகொண்டிருந்தபோது, நம் நாட்டு எளிய மக்கள் அஞ்சலட்டையைக் கொண்டே தம் விருப்பத்தைக் கேட்டுப் பெற்றனர். அவ்வரலாறு நம் தன்பாத் கோட்டத்திற்கே பெருமை தருவது.

1952-ஆம் ஆண்டில் செய்தி ஒலிபரப்பு அமைச்சரான பி. வி. கேஸ்கர் அவர்கள் சாஸ்திரிய சங்கீதத்தில் ஈடுபாடு மிக்கவர். அவர் காலத்தில் அகில இந்திய வானொலியில் திரைப்பாடல்கள் அருகின. மக்கள் என் செய்தனர்? வானொலியின் குமிழைத் திருப்பி இலங்கை வானொலிக்குச் சென்றுவிட்டனர். அவ்வாண்டின் இறுதியில் அங்கே தொடங்கிய 'பினாக்கா கீத்மாலா' இந்தி நிகழ்ச்சி, அமீன் சயானியின் குரலில் இந்தியா முழுவதையும் கட்டிப்போட்டது. தமிழ் ஒலிபரப்பில் மயில்வாகனன் போன்றாரின் குரல் தமிழர் இல்லங்களில் உறவினர் குரலாயிற்று. போனவர்களைத் திரும்ப அழைக்க நம் அரசு 1957 அக்டோபர் 3-ஆம் நாள் 'விவித் பாரதி'யைத் தொடங்கிற்று. இரு நிலையங்களுக்கும் நேயர்களின் அஞ்சலட்டைகள் குவிந்தன.

அக்குவியலில் ஓர் ஊரின் பெயர் ஓயாது ஒலித்தது. அதுவே ஜும்ரி தலையா! நம் கோடர்மா நிலையத்தை ஒட்டிய ஊர். மைக்கா எனப்படும் அபிரகச் சுரங்கங்களால் ஒரு காலத்தில் செழித்த ஊர். அவ்வூரார் போட்டி போட்டுக்கொண்டு அஞ்சலட்டை எழுதினர். நேயர் மன்றங்கள் அமைத்தனர். நாள்தோறும் வானொலியில் பெயரைக் கேட்டவர்கள், இப்படியும் ஓர் ஊர் உண்டோ, அறிவிப்பாளரின் கற்பனையோ என்று ஐயுற்றனராம்! கோடர்மாவில் வண்டி நிற்கும்போதெல்லாம் அதனை எண்ணி நாம் புன்னகை புரிவதுண்டு.

இந்நிகழ்ச்சிகளைத் தமிழில் 'நேயர் விருப்பம்' என்றனர். எத்துணை அழகிய பெயர்! ஒருவர் தம் விருப்பத்தை எழுதுகிறார். அவர் பெயர் வாசிக்கப்படுகிறது. பாட்டு ஒலிக்கிறது. அவர் கேட்ட பாட்டே அது. எனினும் அவர்க்கு மட்டும் ஒலிக்கவில்லை. நாடே கேட்டது. கேளாத பாட்டைக் கேட்கும் பொறுமையை மற்றவர் பழகினர்; தாம் விரும்பியதை ஊரோடு பகிரும் மகிழ்ச்சியை அவர் பெற்றார். விருப்பம் தனியுடைமை, பாட்டு பொதுவுடைமை என்னும் இவ்வேற்பாட்டின் அருமை அன்று நமக்குத் தெரியவில்லை.

நம் தந்தையார் இவ்வூருக்குப் பணியேற்று வந்த நாளில் தமிழ் இதழ் ஒன்று கைக்கு வருமுன் பல நாள் பழையதாகிவிடும். வந்த ஒன்றை வரிசை முழுதும் படிக்கும். தில்லியிலிருந்து காலையில் ஒலிபரப்பாகும் தமிழ்ச் செய்தியே அன்றாடத் துணை. சரோஜ் நாராயணஸ்வாமி அவர்களின் கணீரென்ற குரல் ஒரு வீட்டில் எழுந்தால் நான்கு வீடுகளுக்குக் கேட்கும். பல் துலக்கிக்கொண்டே வேலியருகில் நிற்பவர்கள் அச்செய்தியைப்பற்றி ஒரு வார்த்தை பேசாமல் உள்ளே போனதில்லை.

வீடு விட்டு வந்த மாணவர்க்கு ஓர் இதழ்

கணிப்பொறி வந்தபின் கனவு மெய்யாகத் தொடங்கியது. நம் இலாகாவையே எடுத்துக்கொள்வோம். கால அட்டவணை என்பது எல்லார்க்கும் ஒரே புத்தகம். தமக்கு வேண்டிய வண்டியை அவரவரே அதில் தேடிக்கொள்ள வேண்டும். 1986-இல் தில்லியில் கணிப்பொறி வழி முன்பதிவு நடைமுறைக்கு வந்தது. 2002 ஆகஸ்டு 3-ஆம் நாள் இணையவழிப் பயணச்சீட்டும் வந்தது. பத்து இலக்க எண்ணைச் சொன்னால் நமக்குரிய நிலவரம் மட்டும் தனியே வந்து நிற்கிறது. இவ்வாறே செய்தியும் ஆகக்கூடும் என்று மேல்நாட்டில் சிலர் எண்ணினர்.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 1985-இல் 'மீடியா லேப்' என்னும் ஊடக ஆய்வுக்கூடம் திறக்கப்பட்டது. அதனை நிறுவியவர்களுள் ஒருவரான நிக்கோலஸ் நெக்ரோபோன்டே, 1995-இல் தாம் எழுதிய 'பீயிங் டிஜிட்டல்' என்னும் நூலில் ஒருவர்க்கென்றே அச்சாகும் நாளிதழைப்பற்றிப் பேசினார். அதன் பெயர் 'தி டெய்லி மீ'. நம்மவர் தினமணி, தினத்தந்தி என்று பெயரிட்டதுபோல் அதனைத் 'தினம் நான்' என்று தமிழாக்கலாம்! எவ்வளவு பொருள் பொதிந்த பெயர், எவ்வளவு அஞ்சத்தக்க பெயர் என்பது பின்னரே விளங்கிற்று.

அவ்வாய்வுக்கூடத்தில் 1993-இல் அத்தகைய இதழ் ஒன்று மெய்யாகவே உருவாயிற்று. அதன் பெயர் 'ஃபிஷ்ராப்'. நேற்றைய நாளிதழ் இன்று மீன் பொதிய உதவும் என்பது அவர்கள் ஊர்க் கேலி. நம் ஊரில் மளிகைக் கடைப் பொட்டலம். யாருக்காக அதனைச் செய்தனர் தெரியுமா? வீட்டை விட்டுப் புதிதாகக் கல்லூரிக்கு வந்து சேர்ந்த மாணவர்களுக்காக. எந்த ஊரிலிருந்து வந்தீர், எத்துறை பயில்கிறீர், எதில் விருப்பம் என்று அது வினவும். விடைக்கேற்ப அவர் பிறந்த ஊர்ச் செய்தியையும் துறைச் செய்தியையும் செய்தி நிறுவனங்களின் குவியலிலிருந்து பொறுக்கி ஓர் இதழாகத் தொடுத்துத் தரும். ஊர் விட்டு வந்தோரின் ஏக்கத்தை உணர்ந்து செய்த கருவி அது. நம்போன்ற குடியேறிகள் அதனைக் கைகூப்பி வரவேற்கலாம்.

அதனினும் போற்றத்தக்கது வேறொன்று உண்டு. அவ்விதழில் 'முதற் பக்கம்' என்று ஒரு பக்கம் இருந்தது. அது மட்டும் ஆளுக்கு ஆள் மாறாது, எல்லார்க்கும் பொது. இச்செய்தி நம் எல்லார்க்கும் தெரிய வேண்டியது என்று படிப்போர் கருதுவதை அப்பக்கத்தில் சேர்க்கலாம். ஆளுக்கொரு தாள் செய்யப் புகுந்தவர்களே ஊருக்கொரு பக்கம் வேண்டும் என்பதை மறக்கவில்லை! இதனை வாசகர் நினைவிற் கொள்ள வேண்டுகிறோம்.

அண்டை வீட்டார் விருப்பமே அளவுகோல்

வினவி, விடை பெற்று, இதழ் தொடுப்பது ஒரு முறை. வினவாமலே அறிவது மற்றொரு முறை. 1994-இல் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தாரும் பிறரும் சேர்ந்து 'குரூப்லென்ஸ்' என்னும் ஏற்பாட்டை வெளியிட்டனர். படிப்போர் தாம் படித்த குறிப்புகளுக்கு 1 முதல் 5 வரை மதிப்பெண் இடுவர். அதன்பின் கணிப்பொறி ஒரு கணக்குப் போடும்.

கணக்கு கடினமன்று. நம் சங்க நூலகத்தின் பதிவேட்டை எடுத்துப் பாருங்கள். கல்கியின் நூல்களையும் சாண்டில்யனின் நூல்களையும் ஒரு வீட்டார் விரும்பிப் படித்துள்ளனர். மற்றொரு வீட்டாரும் அவ்வாறே. முதல் வீட்டார் அகிலனையும் படித்து மகிழ்ந்தனர். இரண்டாம் வீட்டார் இன்னும் படிக்கவில்லை. அகிலனை அவர்க்குக் கொடுக்கலாமென்று நூலகப் பொறுப்பாளருக்குத் தோன்றுமன்றோ? அதுவே கணிப்பொறி செய்வது. நூலைப்பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. ஒத்த சுவையுடையார் எவரெவர் என்பது மட்டும் தெரியும். நூறு வீட்டில் நம் பொறுப்பாளர் செய்ததை அது கோடி வீட்டில் செய்கிறது.

இக்கணக்கின் விலை எவ்வளவு என்பதற்கு ஒரு சான்று. நெட்ஃபிளிக்ஸ் என்னும் அமெரிக்கத் திரைப்பட நிறுவனம் 2006 அக்டோபரில் ஒரு போட்டி அறிவித்தது. ஏறத்தாழ 4,80,000 வாடிக்கையாளர் 17,770 படங்களுக்கு அளித்த 10 கோடிக்கு மேற்பட்ட மதிப்பெண்களை வெளியிட்டு, எவர்க்கு எப்படம் எவ்வளவு பிடிக்கும் என்பதைத் தங்கள் முறையைவிட 10 விழுக்காடு திருத்தமாகக் கணிப்போர்க்கு 10 இலட்சம் டாலர் பரிசென்றது. மூன்றாண்டு உழைத்தபின் இரு குழுவினர் ஒரே அளவு வெற்றி பெற்றனர். முதற் குழு தன் விடையைக் கொடுத்து ஏறத்தாழ 20 நிமிடம் கழித்தே மற்றது கொடுத்தது. 2009 செப்டம்பரில் பரிசு முந்தியவர்க்கே கிடைத்தது. 20 நிமிடத் தாமதத்தை நம் நிலையங்களில் எவரும் தாமதமென்றே சொல்வதில்லை; அங்கோ 10 இலட்சம் டாலர் போயிற்று!

அக்காலந்தொட்டு மாற்றங்கள் விரைந்தன. 2006 செப்டம்பரில் ஃபேஸ்புக் தன் பயனர் ஒவ்வொருவர்க்கும் நண்பர்களின் செய்திகளைத் தொகுத்துக் காட்டும் ஓடையைத் தொடங்கிற்று. அன்று பயனர் பலர் எதிர்த்துக் குரல் எழுப்பினர். 2009 டிசம்பரில் கூகுள் தேடலும் ஆளுக்கேற்ப விடை தரலாயிற்று. யூடியூப் 2012-இல், எத்தனை பேர் தொட்டனர் என்பதினும் எவ்வளவு நேரம் பார்த்தனர் என்பதையே பெரிதாகக் கொள்ளத் தொடங்கியது. அங்கே பார்க்கப்படும் நேரத்தில் நூற்றுக்கு எழுபதுக்கு மேல் அதன் பரிந்துரையால் வருவதென்று அந்நிறுவனத்தாரே 2018-இல் கூறினர். நம் நாட்டில் 2016-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் இணையக் கட்டணம் வெகுவாகக் குறைந்தது. அரிசி, பருப்பு வாங்குவோர் அனைவர் கையிலும் இத்திரை வந்து சேர்ந்தது.

2022 நவம்பர் இறுதியில் வந்த 'சாட்ஜிபிடி' மற்றொரு கதவைத் திறந்தது. அதுகாறும் பிறர் எழுதியவற்றைப் பொறுக்கித் தொடுத்தனர்; இனிக் கேட்பவர்க்கேற்ப எழுதியே தரும் பொறி வந்துவிட்டது. கத்தரிக்கோலுக்கு வேலையில்லை, கத்தரிக்கத் தாளும் வேண்டுவதில்லை.

இந்நெடும்பயணத்தில் ஒரு மாறுதல் நம் கண்ணுக்குத் தப்பியது. அஞ்சலட்டை எழுதியவர் தம் விருப்பத்தைத் தாமே சொன்னார். கல்லூரி மாணவர் வினவியதற்கு விடை தந்தார். இன்றோ நம்மை எவரும் வினவுவதில்லை. விரல் எங்கே தயங்கிற்று, கண் எதில் நிலைத்தது என்பதை வைத்தே நம் விருப்பம் இன்னதென்று முடிவு கட்டப்படுகிறது.

நமக்கு வந்து சேராத செய்தி

இதுகாறும் பிறர் வரலாறு. இனி நம் வரலாறு சிறிது.

சென்ற ஆண்டு நம் காலனியின் பின்வரிசையில் குடியிருந்த பெரியவர் ஒருவர் காலமானார். சங்கத்தின் தொடக்கக் காலந்தொட்டு உழைத்தவர். ஞாயிறுதோறும் சங்கக் கூடத்தில் தமிழ் வகுப்பு நடத்தியவர். இந்தி வழியில் பயின்ற நமக்கு அகரம் எழுதக் கற்பித்த கை அவருடையது; இக்கட்டுரையின் ஒவ்வொரு எழுத்தும் அவர் இட்ட பிச்சை. 'வாத்தியார் ஐயா' என்றே ஊர் அழைத்தது.

வெளியூரிலிருந்து விரைந்து வந்த அவர் மகனார், தந்தையார் மறைந்த செய்தியையும் அடக்க நேரத்தையும் ஒரு சமூக வலைத்தளத்தில் இட்டார். அனைவரும் அதில் இருக்கின்றனர், ஆதலின் அனைவரும் அறிவர் என்று நம்பினார். துயரத்தில் இருந்தவரை எவ்வாறு குறை சொல்வது? நாமும் அவ்வலைத்தளத்தில் இருப்பவரே. அன்று காலையும் மாலையும் அதனைத் திறந்து பார்த்தவரே. சேலத்து மழையைக் கண்டோம். பழைய பாடல் ஒன்றைக் கேட்டோம். பூண்டுக் குழம்பு வைக்கும் முறையைத் துணைவியார்க்குக் காட்டினோம். அருகிலே, நூறு அடிக்குள், ஐயாவைச் சுமந்து சென்றனர், நமக்குத் தெரியாது. அலுவலகம் விட்டு வந்து கதவடைத்து அமர்ந்திருந்தோம். மூன்றாம் நாள் காய்கறி வாங்கச் சென்ற இடத்தில் கேள்வியுற்றோம்.

பின்னர்த் தேடிப் பார்த்தபோது அச்செய்தி அங்கேதான் இருந்தது. நம் திரையின் மேலே வருவதற்கு அது தகுதி பெறவில்லை. ஏன்? ஐயாவும் மகனாரும் இட்டவற்றை நாம் விரலால் தொட்டுப் பாராட்டியதில்லை. நாள்தோறும் வேலியருகில் நின்று பேசுபவரைத் திரையில் எதற்குப் பாராட்ட வேண்டும்? ஆனால் கணக்கு வேலியை அறியாது. அவர் நமக்கு வேண்டாதவர் என்று அது முடிவு செய்துவிட்டது போலும். தோள் கொடுக்க வேண்டிய நாளில் நாம் குழம்பு பார்த்துக்கொண்டிருந்தோம். இக்குற்றத்தைப் பொறியின்மேல் சுமத்திவிட்டு நாம் தப்ப இயலாது. பின்வரிசைக்கு நடந்து செல்வதை நிறுத்தியது பொறியன்று, நாமே.

காஸ் சன்ஸ்டீன் என்னும் அமெரிக்கச் சட்ட அறிஞர் 2001-இல் எழுதிய 'ரிபப்ளிக் டாட் காம்' என்னும் நூலில், மக்களாட்சி செழிக்க இரண்டு வேண்டும் என்றார். ஒன்று, நாம் தேர்ந்தெடுக்காதவற்றையும் தற்செயலாக எதிர்ப்படுதல். மற்றொன்று, பலரும் பொதுவாகப் பெற்ற அனுபவம். 2011-இல் ஈலை பாரிசர் என்பவர், ஒவ்வொருவரும் தம் விருப்பமே சுவராக அமைந்த ஒரு குமிழிக்குள் அடைபடுவதாக எழுதினார். அவர்கள் நாட்டு அரசியலை எண்ணி அவர்கள் எழுதினர். நாம் ஒரு சிறு காலனியை எண்ணிப் படிக்கிறோம். பெட்டியில் ஒட்டிய பட்டியல் முன்னதற்கு எடுத்துக்காட்டு. நேயர் விருப்பம் பின்னதற்கு எடுத்துக்காட்டு. இரண்டும் நம்மிடம் இருந்தவை.

நாம் செய்யத்தக்கது

ஆதலின் கைப்பேசியைக் கிணற்றில் எறிவோம் என்று சொல்ல வந்தோமில்லை. அது பெருநன்றி மறத்தலாகும். பல நாள் பழைய இதழுக்குக் காத்திருந்த குடும்பங்களில் இன்று பேரப்பிள்ளை பாட்டியின் முகம் பார்த்துப் பேசுகிறான். நம் ஊர்க் கோயில் தேர் நிலையை விட்டு நகர்வதை அக்கணமே காண்கிறோம். இவ்வூர்ப் பள்ளிகளில் கிட்டாத தமிழ்ப் பாடத்தை நம் பிள்ளைகள் திரையில் கற்கின்றனர். சிறுபான்மையாய் வாழ்வோர்க்கு ஆளுக்கொரு தாள் ஓர் அருங்கொடை. பெரும்பான்மையோர்க்கென்று தொகுத்த இதழில் நமக்கு என்றும் இடம் இருந்ததில்லை என்பதையும் மறத்தலாகாது.

நாம் வேண்டுவதெல்லாம் அம்மாணவர் இதழில் இருந்த அந்த முதற் பக்கத்தையே. ஆளுக்கொரு தாள் இருக்கட்டும். ஊருக்கொரு பக்கமும் இருக்கட்டும். அதனைப் பெரிய நிறுவனங்கள் தருமென்று காத்திருக்க வேண்டியதில்லை. நாமே அமைத்துக்கொள்ளலாம்.

சங்கத்தின் வாயிலில் பழைய கரும்பலகை ஒன்று உண்டு; ஐயா அகரம் எழுதிக் காட்டிய பலகையே அது. அதனைச் செப்பனிட்டுக் காலனியின் நல்லதும் கெட்டதும் அன்றன்று எழுத வேண்டும் என்று செயற்குழுவிடம் கேட்டுக்கொண்டோம். குழுவினர் இசைந்தனர், எழுதும் பணியை நம்மிடமே ஒப்படைத்துவிட்டனர். நான்கு திங்களாக எழுதி வருகிறோம். வரிசைக்கு ஒருவர் பொறுப்பேற்று, பலகை பார்க்க வர இயலாத முதியோர் வீட்டிற்கு நடந்தே சென்று சொல்லி வருகின்றனர். குழாயில் நீர் வராத நேரமும் அதில் உண்டு, குழந்தை பிறந்த செய்தியும் உண்டு. நமக்குத் தொடர்பில்லாத செய்தியென்று ஒதுக்கிச் செல்ல முயல்பவரும் இரண்டடி நடந்தபின் திரும்பிப் பார்க்கின்றனர்.

இவ்வாண்டு விழாவிலே ஒரு புதுமையும் உண்டு. புதுமையென்பதைவிடப் பழமை எனல் பொருந்தும். கூடத்தின் நுழைவாயிலில் ஒரு பெட்டி வைக்கப்படும். ஒவ்வொருவரும் தமக்கு விருப்பமான பாட்டையும் தம் பெயரையும் சீட்டில் எழுதி அதிலிட வேண்டுகிறோம். இளைஞர்கள் தம் கைப்பேசியிலிருந்தே அப்பாடல்களை எடுத்து ஒலிபெருக்கியில் இசைப்பர். பெயர் வாசிக்கப்படும்; பாட்டு ஒலிக்கும்; அனைவரும் கேட்போம். பேரன் கேட்கும் பாட்டைத் தாத்தாவும், தாத்தா கேட்கும் பாட்டைப் பேரனும் கேட்டே ஆக வேண்டும். முகம் சுளிப்பவர்க்கும் அனுமதி உண்டு. எழுந்து போவோர்க்கு மட்டும் சுண்டல் கிடையாது!

இறுதியாக ஒன்று. இம்மலர் எல்லார்க்கும் ஒரே மலர். இதன் கடைசிப் பக்கங்களில் நம் உறுப்பினர் பட்டியல் வரிசை வாரியாக அச்சாகியுள்ளது. அதனைப் புரட்டும்போது தத்தம் பெயரை முதலிற் தேடுவது மனித இயல்பு, தேடுங்கள். கண்டபின் மலரை மூடிவிட வேண்டா. விரலைச் சற்றே கீழே இறக்குங்கள். நீங்கள் இன்னும் பேசிப் பழகாத பெயர் ஒன்று அங்கே இருக்கும். இன்று மாலை கூடத்தில் அவர் பக்கத்தில் சென்று அமருங்கள். எந்த ஊர் என்று கேளுங்கள்.

வாழ்க நம் சங்கம்! வளர்க நம் உறவு!